கந்தகக் குச்சி காட்டாத கசிவு

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்த அந்த ஐஸ் கம்பெனியில் மிஷின் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். கம்ப்ரஸரின் தடதடப்பில் ஊறிப்போன காதுகளுக்கு அது ஓடுவது சத்தமில்லை, நிற்பதுதான் சத்தம். வாசலில் ஐஸ் ஏற்றக் காத்திருந்த மீன்பாடி வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நின்னுடுச்சுபா. ஆப்பரேட்டரு மறுபடியும் மோந்துட்டாரு" என்றார் ஒருவர்.

ஆப்பரேட்டர் எழிலன் எதையும் மோந்து பார்க்கவில்லை. பதினான்கு வருடம் அமோனியா மிஷினோடு குடித்தனம் நடத்தியதில் அவன் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. அவனுக்குக் கண்ணும் தொண்டையும்தான் கருவி. கண் எரிந்து தண்ணீர் விட வேண்டும், தொண்டையில் யாரோ பஞ்சை வைத்து அழுத்துவது போல அடைக்க வேண்டும். அப்படி ஆனால் எங்கோ ஒரு மூட்டில் வாயு கசிகிறது என்று பொருள். சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்து, பிறகு தேடு என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனுக்குச் சொல்லப்பட்ட பாடம். அவன் நிறுத்தினான்.

ஃபிட்டர் திருமலை கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு வந்தான். அதன் புகையைக் குழாய் மூட்டுகளுக்குப் பக்கத்தில் காட்டிக்கொண்டே போனால், அமோனியா கசிகிற இடத்தில் மட்டும் கெட்டியான வெள்ளைப் புகை கிளம்பும். பேயோட்டுகிறவன் வேப்பிலையை ஆட்டுவது போல, திருமலை அந்தக் குச்சியைக் கம்ப்ரஸரின் தலையிலிருந்து கால்வரை ஆட்டினான். அமோனியா தேங்கி நிற்கும் ரிசீவர் தொட்டிக்குக் காட்டினான். மாடியேறி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த கண்டென்ஸர் குழாய்களுக்கும் காட்டிவிட்டு மூச்சு வாங்க இறங்கி வந்தான். எங்கேயும் வெள்ளைப் புகை வரவில்லை.

"ஒண்ணியும் இல்ல மாமு."

"கண்ணு எரியுதே" என்றான் எழிலன்.

"எனக்கு எரியலியே."

"எனக்கு எரியுது."

"அப்ப உன் கண்ண கழட்டிக் குடு. வாஷரு மாத்தி மாட்டித் தரேன்."

எழிலன் அதைச் சற்று யோசித்துப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் முடியாது" என்றான்.

மேனேஜர் ரகுபதி அதற்குள் ஆபீஸ் அறையிலிருந்து வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டினால் கத்தப்போகிறார் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். எழிலனுக்கும் தெரியும். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை அவன் வேட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"யோவ், இன்னாய்யா நடக்குது இங்க? இந்த மாசத்துல இது மூணாவது தபா. லாஞ்சுக்காரன் ஐஸ் இல்லாம கரையில நின்னுகினு என் அப்பன் ஆத்தாள இழுக்கிறான். லீக்கு எங்க, காட்டு!"

"எங்கன்னு தெரியல சார். ஆனா கீது."

"எங்கன்னு தெரியல, ஆனா கீது! சாமியா அது?"

ஆட்கள் சிரித்தார்கள். கண்ணிலிருந்து வழிந்த தண்ணீரைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு எழிலன் மிஷினை மறுபடி ஓட்டினான். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தானாக அடங்கியது. காற்று மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

எழிலனுக்கு முப்பத்தாறு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தங்கை யசோதராவோடு இருந்தான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனைத் தெரிந்தவர்கள் 'மிஷினு' என்று கூப்பிட்டார்கள். வைத்த இடத்தில் இருப்பான், சொன்ன வேலையைச் செய்வான், கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஐஸ் உடைக்கிற க்ரஷர் ஓடும்போது மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பான். பொய் சொல்லத் தெரியாது. அதை அவன் ஒரு நல்ல குணமாகச் சொல்லிக்கொண்டதில்லை. சிலருக்கு நீச்சல் தெரியாது, அவனுக்கு இது தெரியாது.

அவன் மனசைப் பற்றிக் கேட்டால் அவனிடம் மூன்று பதில்கள் இருந்தன. சரியா கீது, பேஜாரா கீது, தூக்கம் வர்து. மூன்றில் பேஜாருதான் பெரிய பை. பல்வலி, பஸ் வராதது, யாராவது செத்தது, புழுக்கம் எல்லாம் அதற்குள் போகும். அம்மா இறந்த அன்று அவனுக்கு வயிற்றுப்போக்கு. சாவு வீட்டிலிருந்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பெற்றவள் கிடக்கிறாள், இவன் முதல் நாள் தின்ற பிரியாணி சரியில்லை என்கிறானே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவனும் பிரியாணிதான் காரணம் என்று நம்பினான். அந்தக் கடைப் பக்கம் அதற்கப்புறம் அவன் போகவே இல்லை.

யசோதரா பெரம்பூர்ப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தாள். ஆட்டிசம் என்ற வார்த்தையை அவள் அங்கேதான் முதலில் கேட்டாள். பயிற்சி கொடுக்க வந்த அம்மா ஒவ்வொரு குணமாகச் சொல்லச் சொல்ல, யாரோ தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்வது போல இருந்தது அவளுக்கு. "இது பெரியவங்களுக்கும் இருக்குமா மேடம்?" என்று கேட்டாள். "இந்தப் பிள்ளைங்க வளர்ந்தா பெரியவங்கதானே ஆவாங்க?" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டுக்கொண்டான்.

"மருந்து கீதா?"

"இல்லண்ணா."

"அப்ப பேரு மட்டும்தானா?"

"பேரு மட்டும்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். அதோடு விடாமல், பள்ளியில் பிள்ளைகளுக்குக் காட்டும் முகப் படங்களை அவள் ஒரு நாள் கொண்டுவந்து அவனுக்கும் காட்டினாள். சிரிப்பு, அழுகை, பயம், கோபம் என்று அவன் ஒன்று விடாமல் சரியாகச் சொன்னான். "நல்லாத்தான் கண்டுபுடிக்கிறியே, அப்புறம் இன்னா?" என்றாள். "படத்துல மூஞ்சி தெரியுது. என் மூஞ்சி எனக்கு எங்க தெரியுது?" என்றான். அவள் படங்களைப் பையில் போட்டுக்கொண்டாள்.

யசோதராவுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. நாலு வருடத்துக்கு முன்பு அரக்கோணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அதற்கு அடுத்த வருடம் புளியந்தோப்பிலேயே ஒன்று. இரண்டையும் அவளே வேண்டாமென்றுவிட்டாள். ஏன் என்று எழிலன் கேட்டதற்குப் பிடிக்கவில்லை என்றாள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான், அதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்று அவன் தேடவில்லை.

மூன்றாவதாக வந்தவன் வல்லரசு. கோலார் தங்கவயலில் பிறந்தவன். சுரங்கத்தை மூடியபிறகு பெங்களூரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தான். வியாசர்பாடி விஹாரத்தில் புத்த பூர்ணிமா அன்று யசோதராவைப் பார்த்துவிட்டு, தன் பெரியம்மா மூலமாகக் கேட்டனுப்பினான். இரண்டு முறை பள்ளிக்கே வந்து பேசிவிட்டுப் போனான். இந்தத் தடவை பிடிக்கவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. அவள் பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள். ஆனாலும் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு மாலை, டீயை எழிலன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ண்ணா, நான் பெங்களூரு போயிட்டா உனக்குக் கஷ்டமா இருக்குமா? இருக்கும்னா நான் போவல, சத்தியமா போவல. இருக்காதுன்னா போறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு. நீ பொய் சொல்லமாட்ட, அதான் உன்னையே கேக்குறேன்."

எழிலன் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தன்னை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை சோதித்துப் பார்த்தான். தலைவலி இல்லை. வயிறு சரியாக இருந்தது. சோறாக்கத் தெரியும், துணி துவைத்துக்கொள்வான். எங்கேயும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இருக்காது" என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "நெசமா?"

"ஒண்ணும் இல்ல. சரியா கீது."

"சரிண்ணா" என்று எழுந்துபோனாள். அவள் நடையில் சந்தோஷம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வல்லரசும் பெரியம்மாவும் வாக்கு வாங்கிக்கொண்டு போக வருவதாக முடிவானது. மறுநாள் காலை கம்பெனியில் கண் எரிந்தது. அவன் மிஷினை நிறுத்தினான். அதுதான் அந்த மாதத்தின் மூன்றாவது தடவை.

அன்று பதினொரு மணி டீக்கு ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, திருமலைக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமு, ஒண்ணு கேக்குறேன். தங்கச்சிக்கு எடம் கிடம் வந்துகீதா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லலியே."

"நீ எங்க சொல்லணும்?" திருமலை மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "கேளுங்கப்பா இந்த அதிசயத்த. அரக்கோணத்துக்காரன் பொண்ணு பாக்க வந்தான், தல ரிசீவர் வால்வுல லீக்குன்னு நிறுத்திச்சு. நல்ல வால்வ கழட்டி நல்ல வால்வ மாட்டுனேன். புளியந்தோப்பு மாப்ள வந்தான், கண்டென்ஸர்ல லீக்குன்னிச்சு. மாடி ஏறி ஏறி என் முட்டி அன்னிக்குப் போனதுதான். இப்ப மறுபடியும்! இவன் தங்கச்சிக்கு மாப்ள வந்தா நம்ம பிளாண்டுல கேஸ் வர்துபா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். எழிலன் சிரிக்கவில்லை. வேடிக்கைப் பேச்சு என்று ஒன்று தனியாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியதில்லை. சொன்னது சரியா தப்பா, அவ்வளவுதான். திருமலை சொன்னதை நினைவில் ஓட்டிப் பார்த்தான். சரியாக இருந்தது.

ஒரு கோளாறு எதனால் வருகிறது என்று தெரிய வேண்டுமானால், அதை வரவழைத்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் எழிலன் துறைமுகத்தைத் தாண்டி, கடலுக்குள் நீளும் கல் சுவர்வரை நடந்தான். அங்கே அமோனியா வர வழியில்லை. கடற்காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. முதலில் கம்ப்ரஸரை நினைத்தான். ஆயில் கேஜ், வால்வு, உப்புத்தண்ணீர்த் தொட்டி. கண் காய்ந்தே இருந்தது. பிறகு, 'யசோ பெங்களூரு போகப்போறா' என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. திருமலை கணக்கு தப்பு என்று திரும்பக் கிளம்பினான்.

அப்போது அவனுக்குச் சட்டை ஞாபகம் வந்தது. புதுச் சட்டை எடுத்தால் காலரில் தைத்திருக்கும் சீட்டு அவன் கழுத்தை அறுக்கும். யசோதரா பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, விரலால் தடவிப் பார்த்து, "இப்ப போடு" என்று கொடுப்பாள். இனிமேல் அவனே பிரித்துக்கொள்ளலாம். பிளேடு வீட்டில்தான் இருக்கிறது, அது ஒரு பெரிய வேலையே இல்லை. இப்படி அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைத்தது. கண் எரிந்தது. தண்ணீர் வழிந்தது.

மறுபடி கம்ப்ரஸரை நினைத்தான். மெல்ல அடங்கியது. சட்டையை நினைத்தான். வந்தது.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அங்கம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் தினமும் ஐஸ் வாங்குகிறவள்தான்.

"இன்னா நைனா, இங்க வந்து நின்னு அழுதுகினு கீற?"

"அக்கா, இங்க கேஸ் வர்தா?"

"கேஸா? கருவாட்டு நாத்தம்தான் வர்து."

"அப்ப இது அழுவைதானா? உனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னா கேள்வி இது! கண்ணு எரிஞ்சா கசக்குவாங்க. நீ எங்க கசக்குற? கடலப் பாத்துகினு மரம் மாதிரி நிக்கிற, அது பாட்டுக்கு ஊத்துது." அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "வூட்ல யாருனா பூட்டாங்களா?"

"இல்ல. போகப் போறாங்க."

"அடப்பாவி, ஆஸ்பத்திரிலயா?"

"பெங்களூருக்கு."

அங்கம்மா கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "தூ! பெங்களூருக்குப் போறதுக்கா இந்த அழுவ? நான் கூட இன்னாவோ ஏதோன்னு... போ, போய் மூஞ்சக் கழுவு. சாயங்காலம் எனக்கு ரெண்டு பார் ஐஸ் எடுத்து வை, உடைச்சது வேணாம்."

எழிலன் முகத்தைக் கழுவிக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினான். கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததில் நிம்மதி வரவில்லை. வேறு ஒரு விஷயம் அவனைப் பிடித்துக்கொண்டது. யசோதரா கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதில் பொய்.

அப்பா இருந்த காலத்தில் ஞாயிறுதோறும் அவர்கள் பௌத்தர்களின் ஐந்து உறுதிமொழிகளான பஞ்சசீலத்தைச் சொல்வார்கள். நான்காவது சீலம் பொய் சொல்லாமை. சின்ன வயதில் மற்ற நாலும் அவனுக்குக் குழப்பமாக இருக்கும், நான்காவது மட்டும் சுலபம் என்று தோன்றும். இப்போது, தெரியாமல் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். திருத்த வேண்டும். திருத்தினால் யசோதரா போகமாட்டாள், சத்தியம் செய்திருக்கிறாள். திருத்தாவிட்டால் போவாள், பாடிக்கொண்டே போவாள்.

இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை, வேறு ஆளில்லாததால், திருமலையிடமே கேட்டான். திருமலை முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். தன் வேடிக்கைப் பேச்சு இவ்வளவு தூரம் நடந்துபோகும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"மாமு, உன் காலப் புடிச்சிக் கேக்குறேன். வாய மூடிகினு இரு. அந்தப் பொண்ணு தாலி... உங்கள்ல தாலி உண்டா?"

"சில பேரு கட்டுவாங்க."

"எதோ ஒண்ணு. அது முடியட்டும். அப்பால நீ பிளாண்டுல வந்து எவ்ளோ வேணா அழு. நானே கந்தகக் குச்சி கொளுத்திகினு சும்மா சுத்தி வரேன், மேனேஜருக்கு டவுட்டு வராது."

அது நல்ல மனசோடு சொன்ன யோசனை. எழிலனுக்கே அது புரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்றபோது, அப்படியே செய்வது என்று முடிவெடுத்தான். கூட்ஸ் வண்டி போய்க் கேட் திறந்தபோது அந்த முடிவு பேஜாராக இருந்தது. இப்போது அவனுக்கு அந்தப் பைக்குள் கைவிட்டுப் பார்க்கும் வழக்கம் புதிதாக வந்திருந்தது. விட்டுப் பார்த்தான். பல்வலி இல்லை, புழுக்கம் இல்லை. பயம் என்று தோன்றியது. சரியாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வல்லரசு வந்தான். கூடவே அவன் பெரியம்மா சொக்கம்மாள், நிறையப் பேசி நிறைய வெற்றிலை போடுகிறவர். இரண்டு வீட்டிலும் ஜாதகம் பார்ப்பதில்லை. பெண் வீட்டில் பெரியவர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுதான் வாக்கு. அந்த வீட்டில் பெரியவன் எழிலன். புத்தர் படத்துக்குக் கீழே நாற்காலியில் அவனை உட்காரவைத்திருந்தார்கள். யசோதரா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள்.

சொக்கம்மாள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "பையனுக்குச் சம்மதம், பொண்ணுக்கும் சம்மதம்னு பாத்தாலே தெரியுது. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா காபி ஆறதுக்குள்ள குடிச்சிடுவேன். பொண்ணு குடுக்குறீங்களாப்பா?"

எழிலன் வாயைத் திறந்தான். சம்மதம் என்ற வார்த்தை வரத் தயாராகத்தான் இருந்தது. அவன் யசோதராவைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

"முன்னாடி நான் சொன்னது தப்பு" என்றான்.

சொக்கம்மாள் காபியை வைத்துவிட்டார்.

"யசோ, கஷ்டமா இருக்குமான்னு கேட்ட. இருக்காதுன்னேன். அது தப்பு. கஷ்டமாத்தான் கீது. எனக்கே வியாழக்கிழமைதான் தெரியும். கம்பெனில லீக்கே இல்ல. அது அழுவ. அங்கம்மா அக்கா பாத்து சொல்லிச்சு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, யசோதராவைத் தவிர. அவள் முகம் வெளுத்துப்போனது. மெதுவாகச் சொன்னாள்: "சரிண்ணா. அப்ப முடிஞ்சிது. நான் சொன்னா சொன்னதுதான்." வல்லரசு பக்கம் அவள் திரும்பவில்லை.

"முடியல" என்றான் எழிலன். "நீ ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொன்ன. உன் கேள்வி தப்பு. ரெண்டும் கீது. நீ போனா எனக்குக் கஷ்டம், அது ஒண்ணு. நீ போவணும், அது ஒண்ணு. ரெண்டும் ஒரே நேரத்துல கீது. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்."

"அதெப்படிண்ணா ரெண்டும் இருக்கும்?"

"எப்படின்னு தெரியல. கீது."

அவள் வாசலிலிருந்து நகர்ந்து அவன் முன்னால் வந்து நின்றாள். குரல் ஏறியது. "அரக்கோணத்துக்காரங்க வந்தப்போ நீ சோறே தின்னல. கேட்டா வயிறு சரியில்லன்ன. நானா ஒண்ணு நெனச்சிகினு அவங்கள வேணாம்னேன். புளியந்தோப்புலேந்து வந்தப்போ கம்பெனில லீக்கு, கண்ணு செவந்துகீதுன்ன. அப்பவும் கேஸு இல்லியா?"

"அப்பவும் இல்ல."

"அப்ப நாலு வருஷமா நீ அழுதுகினு இருந்திருக்க, நான் உனக்குக் கண்ணுக்கு சொட்டு மருந்து வாங்கி ஊத்திகினு இருந்திருக்கேன்!"

"மருந்து கொஞ்சம் கேட்டுச்சு" என்றான் எழிலன்.

வல்லரசு சிரித்துவிட்டான். உடனே வாயைப் பொத்திக்கொண்டான். யசோதரா அவனை முறைத்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாக மாற, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். சொக்கம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "வாக்குக் கேக்க வந்தேனா, வம்பு கேக்க வந்தேனா?" என்றார்.

"நான் போகலன்னா?" யசோதரா முந்தானைக்குள்ளிருந்தே கேட்டாள். "நான் இங்கயே இருந்துட்டா உனக்குக் கஷ்டம் இல்லதானே?"

எழிலன் தன்னைச் சோதித்தான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சொக்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வல்லரசு அவர் கையைத் தொட்டு நிறுத்தினான்.

"அதுவும் கஷ்டமாத்தான் கீது. இன்னும் அதிகம். நீ இருந்தா, எனக்காகத்தான் இருக்கன்னு எனக்குத் தெரியும். முன்னாடி தெரியாது." கண்ணைத் திறந்தான். "போ யசோ. இந்தக் கஷ்டத்த நான் வெச்சிக்கறேன். இது என்னுது."

 கீழே தண்ணீர் லாரி வந்த சத்தமும் குடங்கள் ஓடுகிற சத்தமும் கேட்டன. யசோதரா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொக்கம்மாளைப் பார்த்தாள்.

"எனக்குச் சம்மதம் பெரிம்மா. காபிய எடுங்க, சூடு பண்ணித் தரேன்."

"அவரு இன்னும் சொல்லலியேம்மா" என்றார் சொக்கம்மாள், எழிலனைக் காட்டி.

"சம்மதம்" என்றான் எழிலன்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், கம்பெனியில் மிஷினை நிறுத்திப் பழுதுபார்க்கிற வாரத்தில், விஹாரத்தில் கல்யாணம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்செல்லாம் முடிந்து, சொக்கம்மாள் தண்ணீர் லாரியை வேடிக்கை பார்க்க வராந்தாவுக்குப் போனபிறகு, வல்லரசு நாற்காலியை எழிலன் பக்கம் இழுத்துப் போட்டான்.

"இப்ப எப்டி இருக்கு மச்சான்?"

எழிலன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தான். கண் எரியவில்லை, தொண்டை அடைக்கவில்லை. ஆனால் அங்கே ஏதோ இருந்தது. பேஜாரு இல்லை. படங்களில் பார்த்த எந்த முகத்திலும் அதைச் சேர்க்க முடியவில்லை.

"வேற ஒண்ணு கீது. இன்னான்னு தெரியல. சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்."

"சாயங்காலம் நாங்க ரயில் ஏறிடுவோமே."

"அப்ப யசோகிட்ட சொல்றேன். அவ சொல்லுவா."

"யசோ ஒண்ணும் தபால்காரி இல்ல" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நீயே சொல்லிக்கோ!"

எழிலன் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டான். அச்சகத்துப் போன் நம்பரை வல்லரசுவிடம் கேட்டு வாங்கி, எந்த நேரத்தில் கூப்பிட்டால் அங்கே மிஷின் சத்தம் குறைவாக இருக்கும் என்றும் கேட்டான்.